எச்ச ஒழிப்பு உயர்நிலைக் குழு

ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அளக்க, அது புறா எச்சத்தை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்த்தால் போதும். காட்டுமிராண்டி கழுவிவிட்டுப் போய்விடுவான். நாகரிகம் முற்றியவன் குழு அமைப்பான். அந்த அலுவலகத்தில் நாகரிகம் நன்றாகவே முற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வருகிறார் என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. அலுவலகத்தின் நடுவே சுண்ணாம்புக்கல் பதித்த முற்றம். அதன்மேல் புறாக்களின் நான்கு வருட உழைப்பு காய்ந்து இறுகிக் கிடந்தது. மேலாளர் முற்றத்தைப் பார்த்தார். அதைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

“கறை போச்சுன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே காகிதம் நீட்டறேன்மா.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடமாக அவர் ‘தற்காலிகம்’. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் மறுநாள் வேலை இருக்கும் என்று நிச்சயமில்லை.

“இது ஒரு வேலையா சார்? ஈரச் சாக்கைப் போட்டு அரை மணி நேரம் ஊற விட்டா தானா இளகிடும். சோப்புத் தண்ணி விட்டு பிரஷ்ல தேய்ச்சா போச்சு.”

மேலாளர் முகம் வாடிப்போயிற்று. இவ்வளவு எளிய தீர்வைப் பொறுப்புள்ள ஓர் அதிகாரி எப்படி ஏற்பது? அன்று மாலையே ஐவர் கொண்ட ‘எச்ச ஒழிப்பு உயர்நிலைக் குழு’ உதயமானது. முற்றத்தைக் கழுவத் தெரிந்தவர் என்பதால் அக்கா அதில் சேர்க்கப்படவில்லை. நடுநிலைமை கெட்டுவிடும் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை ‘இங்கே எச்சமிடாதீர்’ என்று பலகை வைத்தார்கள். பத்தாவது நிமிடம் ஒரு புறா அதன்மேலேயே உட்கார்ந்து தன் பதிலைத் தெரிவித்தது.

“அதுக்குப் படிக்கத் தெரியாதே சார்,” என்றார் கணக்கர்.

மேலாளர் ஆழ்ந்து யோசித்தார். “எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”

புதன்கிழமை கிடங்குக் காப்பாளர் எழுந்தார். “ஸ்டோர்ல ஒன்பது பாட்டில் ஆசிட் சும்மா கெடக்கு சார். தணிக்கைக்கு வர்றவங்க ஏன் செலவாகலன்னு கேப்பாங்க.”

இதைவிட வலுவான அறிவியல் காரணம் உண்டா? தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“வேணாம் சார். ஆசிட் பட்டா இந்தக் கல்லே அரிச்சுப் போயிடும்.”

“உனக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா?”

“தெரியாது சார். கக்கூஸ் கழுவத் தெரியும்.”

இந்தக் கருத்து கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

வியாழக்கிழமை ஆசிட் ஊற்றினார்கள். புஸ்ஸென்று நுரை பொங்கியது. “பாருங்க, கறை எப்படி அலறிட்டு ஓடுது!” என்று குழு கை தட்டியது. ஓடியது கல். முற்றத்தில் பாதி முடிந்ததுமே, நல்லவேளை, ஒன்பது பாட்டிலும் தீர்ந்துவிட்டன.

மிச்சப் பாதிக்கு அக்கா யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்து சாக்கை நனைத்து விரித்தார், ஊறவிட்டார், தேய்த்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் கல் பளிச்சென்று சிரித்தது. வேலை நிரந்தரம்தான் என்று அக்காவும் சிரித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு இயக்குநர் முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். எதிரே மேலாளர் முதலான ஐவரும், கடைசியில் அக்காவும் ஒரே வரிசையில் நின்றார்கள். அக்காவை நிரந்தரமாக்கச் சொல்லி மேலாளர் நீட்டிய காகிதம் இயக்குநர் கையில் இருந்தது. முதலில் பளிச்சென்றிருந்த பாதியைப் பார்த்தார்.

“அருமை. இது யாரோட வேலை?”

ஐவரும் ஓரடி முன்னே வந்தார்கள். அக்காவும் வரப் பார்த்தார், ஐவரும் முண்டியடித்ததில் நுழைய இடமில்லை.

இயக்குநர் திரும்பினார். மறுபாதி அம்மை வார்த்த முகம்போலக் குழிகுழியாகக் கிடந்தது.

“இது யாரு பண்ணினது?”

ஐவரும் இரண்டடி பின்னே போனார்கள். குழுவின் ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இயக்குநர் அக்காவைக் கனிவோடு பார்த்தார். “நீதானா? பரவாயில்ல, தைரியமா முன்னால வந்து ஒத்துக்கிட்ட. அதுக்காக வேலையை விட்டுத் தூக்கல, தற்காலிகமாவே இரு.” காகிதத்தில் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

“நான் எங்க சார் முன்னால வந்தேன்?” என்றார் அக்கா. “நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். இவங்க அஞ்சு பேரும்தான் பின்னால போயிட்டாங்க.”