தடையற்ற சந்தை மன்றத்தின் பதினெட்டாவது தீர்மானம்

உலகப் பொருளாதாரத்தின் போக்கைத் தீர்மானிக்கும் இடங்கள் மொத்தம் மூன்று. ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது. இன்னொன்று பெய்ஜிங்கில். மூன்றாவது, திருவனந்தபுரம் ஆரியசாலையில், ஞானபாயின் பிளாஸ்டிக் குடக் கடைக்குப் பக்கத்து மரப்படியில் ஏறினால் மேலே முதல் கதவு. முதல் இரண்டு இடங்களிலும் இருப்பவர்களுக்கு மூன்றாவதைப் பற்றித் தெரியவில்லை என்றால் அது அவர்களுடைய உளவுத்துறையின் குறை.

அந்தக் கதவின்மேல் ‘தடையற்ற சந்தை மன்றம்’ என்று பலகை தொங்கியது. தலைவர் ராமசுப்ரமணியன். முப்பத்துமூன்று ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்து, அரசு எதற்கும் உதவாது என்பதைத் தம்மையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு நிறுவியவர். ஓய்வு பெற்ற மறுநாளே மன்றத்தைத் தொடங்கிவிட்டார். மாதம் பிறந்து ஓய்வூதியம் வர ஒரு நாள் தாமதமானாலும், அரசு மக்கள் வாழ்க்கையில் தலையிடுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விடுவார்.

வெளியுறவு விவகாரங்களைச் செயலாளர் வெங்கடேஸ்வரன் கவனித்துக்கொண்டார். அவருடைய மாப்பிள்ளை டெக்ஸாஸில் இருந்ததால் இந்தப் பொறுப்புக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. மாப்பிள்ளை வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பாத நாட்களில், ‘இருதரப்பு உறவில் விரிசல்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பார்.

மன்றத்தின் பணிகள் சாமானியமானவை அல்ல. விழிஞ்ஞத்தில் பெரிய சரக்குக் கப்பல் வந்தபோது மன்றம் வேன் பிடித்துப் போய், கரையில் நின்று ஒரு மணி நேரம் கப்பலைப் பார்த்து, ‘வரவேற்கத்தக்கது’ என்று அறிக்கை வெளியிட்டது. கப்பல் திரும்பிப் போனதும் ‘வருந்தத்தக்கது’ என்று இன்னொன்று. வேறு நாடு நம் சரக்குக்குத் தீர்வை விதித்தால் அது சுதந்திர வர்த்தகத்தின் கழுத்தை நெரிப்பது என்றும், நாம் விதித்தால் அது தேசபக்தி என்றும் மன்றம் கண்டறிந்தது. இந்த நுட்பமான வேறுபாட்டை விளக்கவே மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

ஆனால் தலைவரின் வாழ்நாள் சாதனை என்று நோக்குகூலி எதிர்ப்பைத்தான் சொல்ல வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காக: லாரியில் வந்த சரக்கை வேறு யாராவது இறக்கிக்கொண்டாலும், சுமைதூக்கும் தொழிலாளர்கள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்ததற்காகக் கூலி கேட்பது இந்த ஊரில் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. பார்த்ததற்குக் கூலி. இதைக் கண்டித்து மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்கள் பதினேழு. ஒவ்வொன்றின் நகலையும் தலைவரே தெருமுனைக்குப் போய், தொழிலாளர் சங்கக் கொட்டகையின் தூணில் ஒட்டிவிட்டு வருவார்.

மன்றம் நடந்த அறைக்கும், ஊர்ப் பேச்சில் முறிக்கும், ஒரு சரித்திரம் உண்டு. அது அவருடைய மாமனார் தட்டச்சுப் பள்ளி நடத்திய இடம். வாடகை அவர் காலத்தில் பேசியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் புண்ணியத்தில் அன்று முதல் அசையவில்லை. இன்றைய நிலவரப்படி மாத வாடகை, கீழே ஞானபாய் விற்கும் ஒரு குடத்தின் விலை. குடம் ஆண்டுதோறும் ஏறியது. வாடகை கொள்கைப் பிடிப்போடு நின்றது.

வீட்டில் அவருடைய கருத்துகளுக்குச் சந்தை இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கோட்டைப் பகுதியில் இருந்த அந்த வீட்டில் அவர் “பணவீக்கம்” என்று தொடங்கினால், மனைவி சீதாலக்ஷ்மி மிக்ஸியைப் போட்டுவிடுவார். உலகத்தில் அவர் தலைவராக இருந்தது அந்த ஓர் அறையில் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை பேச்சின் தலைப்பு, ‘விலையே உண்மை’. வழக்கம்போல் கடைசி நாற்காலியில் ஞானபாய் இருந்தார். பாறசாலைக்காரர். கட்டடம் அவருடையது. மைக் சத்தத்தில் கீழே வியாபாரம் பேச முடியாததால், மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் மேலேயே வந்து உட்கார்ந்து கேட்பார். குறிப்பெடுக்காமல் கேட்ட ஒரே உறுப்பினர். ஆகவே கேட்டது நினைவிலும் இருந்தது.

“எனக்கொரு சந்தேகம் உண்டு சாரே,” என்றார் ஞானபாய்.

“கேளுங்கோ, கேளுங்கோ. சந்தேகந்தான் சிந்தனைக்கு முதலாக்கும்.”

“விலைய சர்க்கார் கெட்டி வெச்சா அது பொய் விலைன்னு சொன்னியளே.”

“பச்சைப் பொய்.”

“அப்பம் இந்த மேல் முறிக்க வாடகை?”

வெங்கடேஸ்வரன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

“அது வந்து... ஒரு சரித்திரபூர்வமான விலையாக்கும்,” என்றார் தலைவர்.

“ஒரு கொடத்துக்க விலை சாரே. நடுக்கொடம். மூடி இல்லாம.” ஞானபாயின் குரலில் கோபம் இல்லை. ஞானம் பெற்றவரின் அமைதி இருந்தது. “சாலைல மொபைல் கவர் விக்குத ஷிபு இந்த முறிய ரொம்ப நாளா கேக்குதான். இருபது மடங்கு தாறேங்கியான். நான்தான் முடியாதுன்னுட்டேன். பாவம், பென்ஷன் ஆளு, எங்க போவாருன்னு ஒரு எரக்கம். எரக்கம் பாத்தா சந்தை கெட்டுப்போவும்னு இப்பம் சொன்னியல்லா, அப்பந்தான் எனக்குக் கண்ணு தொறந்துது.”

நன்றியுரை வெங்கடேஸ்வரன் கூற வேண்டும். மைக்கை அணைத்துவிட்டார்.

மன்றத்தின் அவசரக் கூட்டம் அடுத்த அரை மணிக்குள் கூடியது. வந்திருந்தவர்கள் இருவர். கூட்டம் நடத்தக் கோரம் இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது.

“இதுக்கு ஒரு முறை இருக்கு,” என்றார் வெங்கடேஸ்வரன். “மொதல்ல கண்டனம். அப்புறம் பேச்சுவார்த்தை. மசியலேன்னா பொருளாதாரத் தடை.”

“என்ன தடை ஓய்?”

“அவா கடையில கொடம் வாங்கப்படாது.”

“நாம எப்பவாவது வாங்கியிருக்கோமா?”

வெங்கடேஸ்வரன் யோசித்தார். “இல்லை. அப்போ தடை ஏற்கெனவே அமல்ல இருக்கு.”

தடை அமலில் இருந்தும் பகை நாடு பணியாததால், ராமசுப்ரமணியன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சட்டப்படி தம்மை யாரும் காலி செய்ய வைக்க முடியாது என்பதைப் பிரிவு எண்ணோடு சொன்னார். ஞானபாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். மன்றத்தின் மாத இதழ். முதல் பக்கத் தலைப்பு: ‘வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அரபிக்கடலில் எறிக!’

“இது அந்தச் சட்டமா, வேற சட்டமா சாரே?”

“அதேதான். எறிய வேண்டிய சட்டம்தான். ஆனா இன்னும் எறியலை.”

“செரி. எறியுத வரைக்கும் வெச்சுக்கிடுங்க.” ஞானபாய் தாளை மறுபடி மடித்தார். “உங்கள நான் எறக்கிவிட மாட்டேன். கோர்ட்டுக்கும் போவ மாட்டேன். எல்லாத்துக்கும் போட்டி வேணும்னு சொல்லுவியளே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. திங்கக்கெழம ஷிபு லாரில சரக்கு கொண்டாறான். ஒரே முறில ரெண்டு பேரும் இருங்க. யாரு நல்லா நடத்துதாவளோ அவிய இருக்கட்டு.”

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது முதன்முறையாகச் சீதாலக்ஷ்மி மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“முறி போச்சுன்னா அந்தப் பேச்செல்லாம் எங்க வெச்சுப் பேசுவேள்?”

“வேற எங்க. ஆத்துலதான்.”

“தினமுமா?”

“சனிக்கிழமைன்னு கணக்கெல்லாம் ஆத்துக்கு எதுக்கு.”

சீதாலக்ஷ்மி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். “அது நடக்காது. யார் கால்ல வேணும்னாலும் விழுங்கோ. அந்த முறிய விட்டுடாதேங்கோ.”

விழத்தக்க கால்கள் ஆரியசாலையில் ஒரே இடத்தில்தான் இருந்தன. தெருமுனைக் கொட்டகையில் சங்கத்தின் கன்வீனர் பிஜி, சுமைதூக்குவோரின் சீருடையான நீலச் சட்டையோடு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தூணில், பதினேழு தீர்மானங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கனத்துத் தொங்கின.

“வரணும் சாறே,” என்றார் பிஜி. “பதினெட்டாவதா? பசை இருக்கு. கொண்டுவரச் சொல்லட்டா?”

“இல்லை பிஜி. இது வேற விஷயம்.” ராமசுப்ரமணியன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். “திங்கட்கிழமை ஷிபுவோட லாரி வரும். அதை எறக்காம இருந்தா நன்னா இருக்கும்.”

“எறக்கினாத்தானே சாறே எங்களுக்குக் கூலி.”

“எறக்காம, சும்மா லாரியைச் சுத்தி நின்னு பாத்துண்டிருந்தா... அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணலாம்.”

பிஜி பத்திரிகையை நான்காக மடித்தார். “அதுக்கு ஒரு பேரு உண்டல்லோ சாறே.”

“பேரெல்லாம் எதுக்கு.”

“சாறு இங்க ஒட்டினது எல்லாத்தையும் நாங்க வாசிச்சதாக்கும். வாசிச்சு வாசிச்சு எங்க ஆளுகளுக்கு நாணமாயிப்போச்சு. இனி இல்லன்னு கமிட்டியில முடிவெடுத்தாச்சு. சட்டமும் வந்தாச்சு. இந்தத் தெருவுல இப்ப அது ஆரும் வாங்குறதில்ல.” பிஜி எழுந்து நின்று கைகூப்பினார். “சாறு ஜெயிச்சாச்சு.”

தாம் எழுதியதைப் படித்து ஒருவர் திருந்தியது ராமசுப்ரமணியனின் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அது இவ்வளவு வலிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை லாரி வந்தது. உழைப்பின் மேன்மை குறித்து மன்றம் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறது. அந்த மேன்மை அன்று காலை எட்டு மணி முதல் மரப்படியில் ஏறி வந்துகொண்டே இருந்தது. “சாறே, கால் கொஞ்சம் மாத்தணும்.” “சாறே, மைக் கொஞ்சம் நீங்கணும்.” பன்னிரண்டு மணிக்கு மன்றம் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி அளவுக்குச் சுருங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் சீனாவிலிருந்து வந்த மொபைல் கவர். வெங்கடேஸ்வரன் இதை ‘எல்லை மீறல்’ என்று குறிப்பேட்டில் எழுதினார். உட்கார்ந்து எழுத இடமில்லாததால் ஒரு பெட்டியின் மேல் வைத்து எழுதினார்.

அப்போது ஷிபு மேலே வந்தான். இருபத்தாறு வயது. எந்தக் கொள்கையும் இல்லாதவன். ஆகவே வேகமாக முடிவெடுப்பவன்.

“அங்கிளே, சட்டப்படி முறி உங்க கையிலதான். கேஸுக்குப் போனா எனக்கு எதிரா ஸ்டே வரும். அது எதுக்கு. நீங்க எதையும் தூக்கவும் வேண்டாம், எறக்கவும் வேண்டாம். இந்தக் கசேரைல உக்காந்து பெட்டியள பாத்துட்டு இருந்தாப் போதும். மாசாமாசம் ஒரு கவர் தாறேன்.”

“மொபைல் கவரா?”

“இல்ல அங்கிளே. மத்த கவர்.”

ராமசுப்ரமணியன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“இது ரொம்ப கௌரவமான விஷயம்,” என்றார் வெங்கடேஸ்வரன். “வல்லரசுகளோட கப்பல்படை நடுக்கடல்ல நிக்கறதோல்லியோ? சண்டை போடறதா? இல்லை. பாக்கறது. அதுக்குத்தான் உலகமே மரியாதை கொடுக்கறது.”

அடுத்த சனிக்கிழமை, பெட்டிகளுக்கு நடுவில், மன்றத்தின் பதினெட்டாவது தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: ‘சில சந்தர்ப்பங்களில் பார்வையும் ஒரு சேவையே. இரு தரப்பும் மனமுவந்து ஒப்புக்கொண்டால், அதற்குரிய “மதிப்பூதியம்” சந்தையின் மகத்துவத்துக்கே சான்று.’ கடைசி நாற்காலி போட இடமில்லாததால் ஞானபாய் படியிலேயே நின்று கேட்டார். “நல்ல தீர்மானம் சாரே,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தன்னடக்கம் கருதி, இந்த ஒரு தீர்மானத்தை மட்டும் தலைவர் தூணில் ஒட்டவில்லை.

ஒட்டாவிட்டாலும் ஆரியசாலையில் செய்தி நிற்காது. ஒன்றாம் தேதி ஷிபு கொடுத்த கவரைச் சட்டைப் பையில் வைத்த கையை எடுப்பதற்குள், படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிஜி. கையில் மடித்து இஸ்திரி போட்ட நீலச் சட்டை.

“இத சாறு வெச்சுக்கணும்,” என்றார் பிஜி, சட்டையைப் பெட்டியின் மேல் வைத்தபடி.

“என்ன இது?”

“எங்க ஆளு ஒருத்தன் ரிட்டயர் ஆனான். அவன் சட்டை. ஆரியசாலை முழுக்க இப்ப நோக்குகூலி வாங்குறது சாறு ஒருத்தர்தான். சட்டை போடாம வாங்கினா பாக்குறவங்களுக்கு என்ன கதைன்னு புரியாது.”

ராமசுப்ரமணியன் மதிப்பூதியத்துக்கும் கூலிக்கும் உள்ள கோட்பாட்டு வேறுபாட்டை விளக்கத் தொடங்கினார். பிஜி கைகட்டி நின்று, ஒரு சொல் விடாமல், கடைசிவரை கேட்டார். கேட்டதற்கு எதுவும் வாங்கவில்லை.

“செரி சாறே,” என்றார் பிறகு. “சைஸ் நாற்பது. சாறுக்கும் அதுதானே?”

ராமசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அரசு சொன்னாலும் தனியார் சொன்னாலும், தவறான புள்ளிவிவரத்தை அவர் ஒருபோதும் பொறுத்ததில்லை.

“நாற்பத்திரண்டு,” என்றார்.