நில்லுங்க மாமா!

கண்ணுகளா, ராமசாமி தாத்தா நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "நில்லுங்க மாமா!" என்று கத்திவிட்டு ஓடி ஒளிகிறீர்களே, அந்த வசனத்தைக் கண்டுபிடித்த மேதை உங்கள் அப்பாவாகிய நான்தான்.

ராமசாமி தாத்தா என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்கு மாமன். ஆனால் ஹைஸ்கூலில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. "வயசு எப்படியோ இருக்கட்டும். மாமனை வா, போன்னு பேசினா சூடு வெச்சுப்போடுவேன்" என்பது அம்மாவின் சட்டம். அதனால் ரப்பர் கேட்டாலும், "ஏனுங்க மாமா, ரப்பர் குடுங்க"தான்.

அந்த வருஷம் பள்ளியில் முருகன், வள்ளி கல்யாணப் பாட்டு நாடகம். எனக்கு முருகன் வேஷம்! வேடனாக வரும் காட்சிக்கு என் அப்பா, தான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து புதுப் பனியன் வாங்கிப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கொடுத்தார். (காயும்வரை பக்கத்திலேயே நின்றேன்.) வகுப்பிலேயே மீசை அரும்பாதவர் மாமன்தான் என்பதால், வள்ளி வேஷம் அவருக்குப் போனது.

ஒத்திகையில் "நில்லடி பெண்ணே!" என்று அதட்ட எனக்கு நாக்கு புரளவில்லை.

"ஏண்டா, காட்டுக்குள்ள வேடன் மரியாதை குடுத்துட்டா நிப்பான்? வெள்ளிக்கிழமை சொதப்பினா, ஞாயித்துக்கிழமை கோயில் நாடகத்துல நீ முருகன் இல்ல!" என்றார் நாடகம் பழக்கிய ஆர்மோனிய வாத்தியார்.

கோயிலில் இதே நாடகத்தைப் பார்க்க ஊரே வரும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிப் பயிற்சி செய்தேன்.

வெள்ளிக்கிழமை திரை விலகியது. சேலை கட்டி, சடை தொங்க, மாமன் தினைப்புனத்தில் ஒயிலாக நடந்தார். நானே ஒரு கணம் ஏமாந்தேன்! வில்லைத் தூக்கி வாயைத் திறந்தேன். முன்வரிசையில் அம்மா.

"நில்லுங்க மாமா!"

வள்ளி திரும்பியது. பழக்க தோஷத்தில் கட்டைக் குரலில், "என்னடா மாப்ளே?" என்றது.

கூட்டம் பெஞ்சிலிருந்து உருண்டது. அம்மா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, மேடையிலகூட என்ற பையன் மரியாதைய உடலீங்க" என்று பூரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் முருகன். நான், வள்ளியைப் பயமுறுத்தும் யானையின் பின்னங்கால். (யானை வசனம் பேசாதல்லவா! வாத்தியார் கெட்டிக்காரர்.)

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் கோயில் மேடை காலியாகக் கிடந்தது. காடு வரைந்த திரை மட்டும் இன்னும் தொங்கியது. மேடையில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, "நில்லடி பெண்ணே!" என்று அதட்டினேன். கணீரென்று வந்தது!

உடனே திரையைத் தூக்கி, பின்னால் மாமன் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.