பட்டுத்துணிக்கு அடியில் என் கிரெடிட் கார்டு

கடனே வாங்காமல் வாழ்ந்தவளை வங்கிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். தலை முழுக்க நரைத்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஜாக்கெட் தைத்தே என் காலம் போயிற்று. படிப்பு நாலாம் வகுப்பு. கூச்சத்தில் மட்டும் பெரிய பட்டமே வாங்கலாம். ஆட்டோவில் போனால் "இங்கே நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. அது தானாக நிற்கிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்டவளை மருமகள் லதா வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காரணம், பள்ளுருத்தியில் ஒரு துணிக்கடைக்காரர் பள்ளிச் சீருடை தைக்கிற வேலையை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இருந்தால்தான் வேலை. மெஷின் வாங்கக் கடன் வேண்டும்.

வங்கியில் ரீனா என்றொரு பெண். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"அம்மே, இதுல உங்க பேர்ல ஒண்ணுமே இல்லல்லோ."

"ஆமாம்மா, ஜென்மத்துல ஒருத்தர்கிட்டயும் கடன் வாங்கினதில்ல," என்றேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பெருமை பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அதுதன்னே பிரஸ்னம்," என்றாள் அவள். "வாங்கினாத்தானே நீங்க ஒழுங்காத் திருப்பிக் கட்டுற ஆளான்னு எங்களுக்குத் தெரியும்?"

(போச்சுடா! மானமாக வாழ்ந்ததற்கு இப்படி ஒரு பேர்!)

அவளே வழியும் சொன்னாள். என் வைப்புத்தொகையை ஈடாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு. கையில் காசு இருக்கிற அளவுக்கு மட்டும் அதில் நூலோ பட்டனோ வாங்க வேண்டும். மாதாமாதம் கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டிவிட வேண்டும். இவ்வளவு கட்டினால் போதும் என்று பில்லில் ஒரு சின்னத் தொகை காட்டுவார்கள், அதை நம்பினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும். இப்படியே கொஞ்ச காலம் போனால், ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குப் போடுகிற மார்க் ஏறும், மெஷினுக்குக் கடனும் கிடைக்கும்.

மார்க் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காததல்லவா! போனில் பணம் கட்ட லதா சொல்லித்தந்தாள். மாதம் தவறாமல் கட்டினேன். மார்க்கும் ஏறியது.

அப்போது நவராத்திரி வந்தது.

எங்கள் வீட்டில் பூஜை வைத்தால் கத்தரிக்கோல், இஞ்சு டேப், ஊசிப்பெட்டி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில் எடுக்கிற வரை யாரும் தொடக்கூடாது. அந்த வருடம் யோசித்தேன். நூல் வாங்கித் தருவது கார்டு, அதுவும் ஆயுதம்தானே? வைத்தேன். ஆர்டர் வருவது போனில். அதையும் வைத்தேன். பட்டுத்துணி போர்த்தி, மேலே செம்பருத்தி. பார்க்கவே கண் நிறைந்தது.

மறுநாள் பூவுக்கு அடியிலிருந்து போன் அடித்தது.

"அம்மா, தேவி கூப்பிடறா!" என்றான் மகன் சுரேஷ்.

"எடுத்து நோக்கட்டே அம்மா? அவசரமா இருக்கும்," என்றாள் லதா.

"தொட்டே, பாத்துக்கோ!" என்றேன். கூச்சக்காரிக்குச் சாமி விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ குரல் வந்துவிடும்.

விஜயதசமிக்குப் போனை எடுத்தால், பூவுக்கு அடியில் அடித்தது வங்கிதான் என்று தெரிந்தது; கெடு தேதி முந்தின நாளே போயிருந்தது. அந்த நிமிஷமே கட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். லதாவிடம் சொல்ல வெட்கம். சரி, பால்காரருக்குச் செய்கிற மாதிரி அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தால் போச்சு என்று விட்டுவிட்டேன். (பால்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.) நடுவில் வங்கியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஆண் குரல். பேசக் கூச்சப்பட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதத்துப் பணத்தையும் சேர்த்துக் கட்டியபோது அபராதமும் வட்டியும் கூடவே வந்தன. அதையும் லதாவிடம் மூச்சுவிடவில்லை. பிறகு மெஷின் கடனுக்காக இருவரும் வங்கிக்குப் போனோம். ரீனாவின் முகம் வாடியது.

"மார்க் நல்லா இறங்கிப்போயல்லோ. ஒரு மாசம் கட்டாம விட்டிருக்கீங்க. எந்து பற்றி, என்ன ஆச்சு அம்மே?"

லதா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பூஜைக்கு வெச்சிருந்தேன்."

"எந்து?"

"கார்டை... போனையும்..."

"கேக்கலை அம்மே, கொஞ்சம் உறக்கெச் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, பால்காரர் கணக்கு வரைக்கும் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். ஆட்டோவில் ஒரு நாளும் வராத குரல் அன்று வங்கி முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு சேட்டன் எட்டிப் பார்த்து, "பின்னே, கார்டுக்குப் படிப்பு வந்நோ அம்மே?" என்றார். காவல்காரர் வரைக்கும் சிரித்தார். ரீனா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

கடன் கிடைக்கவில்லை. சீருடை வேலை இடக்கொச்சியில் வேறொருவருக்குப் போனது. திரும்பி வருகிற வழியில் லதா எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெருமுனை வந்ததும் அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. "பால்காரனும் பேங்கும் ஒண்ணாம்மா?" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மார்க் மெல்ல மெல்ல ஏறி, அடுத்த பள்ளி திறப்பும் போய், அதற்கடுத்த திறப்புக்கு மெஷின் வந்தது. இப்போது ரீனாவின் ஜாக்கெட்டும் நான்தான் தைக்கிறேன். துணி கொடுக்கும்போதெல்லாம், "பூஜைக்கு வெச்சிட மாட்டீங்களல்லோ?" என்று கேட்காமல் போகமாட்டாள்.

பூஜையில் மெஷினுக்குப் பொட்டு உண்டு, மாலை உண்டு. போனுக்கு இடமில்லை. கெடு தேதி நெருங்கி அது சத்தம் போட்டால் போதும், சுரேஷ் உள்ளேயிருந்து கத்துவான்:

"அம்மா, தேவி கூப்பிடறா!"

அடுப்பில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.