ராத்தாட பேறுகாலம் நம்மட கடைக்குள்ள வந்த விதம்

மருதமுனை.

கண்ணியத்துக்குரிய மருமகன் பர்ஸான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமி சுல்பிகாவும் உங்கள் மனைவி அப்னாவும் அல்லாஹ்வின் காவலில் சுகம். டோஹா வெயில் உங்களை அளவோடு காயவைக்க துஆச் செய்கிறோம். போனில் கதைத்தால் சிரித்துப் போடுவீர்கள், அதனால் எழுத்தில் தருகிறேன்.

நிற்க. நமது கைத்தறிச் சாரன், லுங்கிக் கடைக்கு இணையத்தளம் அமைத்துத் தந்தீர்கள், நன்றி. ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபது நாள் இருக்கையில், அதாவது வருசத்துல சாரன் விக்கிற ஒரே காலத்துல, நம்மட தளத்தின்ட நெத்தியில என்ன கிடந்திச்சி தெரியுமா மகன்? "சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். நாற்பது நாள் முடியும் வரை கடை பூட்டப்பட்டிருக்கும்." அறுபத்தேழு வயசு மனிசன் நான்! ஊரே வாசல்ல நிண்டு சிரிக்கி. மீராமுகைதீன் ஒரு பார்சல் பால்சுறா மீனோட வந்து, "ஹாஜியார், ஆக்கித் தின்னுங்க, பால் நல்லாச் சுரக்கும்" எண்டான். பள்ளியில அவனோட ஒரே சஃப் வரிசையில நிண்டு தொழுறவன் நான், முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிற? மாமியக் கடையில இருத்திட்டு உள்ளறையில ஒளிச்சிக் கிடக்கன். பெருநாள் யாவாரம் போனா தறிக்காரப் பொண்டுகளுக்கு என்னத்தச் சொல்ற?

அப்னா கம்பியூட்டரத் திறந்து பாத்தாப் பிறகுதான் விசயம் விளங்கிச்சி. அறிவித்தல் எழுதுற கோப்ப நீங்க நம்மட சேர்வர்ல வைக்கல்ல. சாய்ந்தமருதுல பிள்ளை உடுப்பு விக்கிற உங்கட கூடப்பிறந்த ராத்தா றுமைஸாட தளத்துல வெச்சிட்டு, நம்மட பக்கத்துல "அங்கயிருந்து எடுத்துச் சேர்" எண்டு ஒரு வரி போட்டிரிக்கீங்க. ரெண்டு கடைக்கும் பெருநாள் வாழ்த்த ஒரே இடத்துல மாத்துற சுகத்துக்கு! ராத்தா தன்ட பேறுகாலத்த எழுத, அது நம்மட கடையிலயும் பிறந்திச்சி. மகன், ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைய வீட்டோட எடுத்தன். ராத்தாட பேறுகாலத்தயும் சேத்தா எடுத்தன்? நாளைக்கு ஒரு கள்ளன் அந்தக் கோப்புக்குள்ள பூந்து எதையாவது எழுதினா, அதையும் நம்மட சேர்வர் கேள்வி கேக்காம ஓட்டுமாம், அப்னா சொல்றா.

முடிவு எடுத்திட்டன். கண்ணாடியப் போட்டு, பிஸ்மி சொல்லி, அந்த வரிய என்ட கையாலேயே அழிச்சன். அறிவித்தல் இனி நம்மட சேர்வர்ல, நம்மட கோப்புல. "கடை திறந்திரிக்கி" எண்டு ஒத்த விரலால நானே அடிச்சன். வெளிக்கோப்பு ஒண்டும் இனி நம்மட படி மிதிக்கப்படாது. மறுபடி அந்த வரியப் போட்டீங்க எண்டா மருமகன் எண்டும் பாக்கமாட்டன்.

றுமைஸாவுக்குச் சலாம் சொல்லவும். அவர் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும் உங்கள் உழைப்பில் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
மாமா, மசூர் ஹாஜி

பி.கு: அப்னா இதப் படமெடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பப் போகக்குள்ள மாமி மறிச்சிட்டா. சிரிக்க வந்த சனம் ஆளுக்கொரு சாரன் வாங்காமப் போகல்லயாம், சாரன் அடுக்கின றாக்கை பாதி காலியாம். நான் "கடை திறந்திரிக்கி" எண்டு போட்ட பிறகு ஒரு காக்கா கூட எட்டிப் பாக்கல்லயாம். ஆகவே மகன், அந்த வரியப் பெருநாள் வரைக்கும் திருப்பிப் போடுங்க. ராத்தாட்டச் சொல்லி, இரட்டைப் பிள்ளை எண்டு மாத்தினா இன்னும் நல்லம்.