மாப் கேட்கப் போய் ஜிப்பாவில் மாட்டிக்கொண்ட கதை

பிள்ளைகளே, உங்கள் அத்தா ஒரு பொறாமைக்காரன். இதை வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவைத்துவிடுகிறேன். (உங்கள் அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தால் நான் பொறுப்பில்லை.)

ரமலான் நோன்புக்கு முந்தைய மாதம் ஷஃபான். துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து, உலர்த்தி, சுருக்கம் எடுக்கிறோம் அல்லவா? அதுபோல நோன்புக்கு முன் மனசின் சுருக்கத்தை எடுக்கிற மாதம் அது. உபரி நோன்பு வைப்பார்கள், குர்ஆன் ஓதுவார்கள், மனஸ்தாபம் உள்ளவர்களிடம் போய் மாப் கேட்பார்கள், அதாவது மன்னிப்பு. அந்த மாதத்தின் நடுவில் வருகிற பராஅத் இரவில் எல்லோருக்கும் மன்னிப்பு உண்டு, நெஞ்சில் பகை வைத்திருப்பவனுக்குக் கிடையாது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறேன். கேட்டபோதெல்லாம் அது என்னைத்தான் சொல்வதாகத் தோன்றும். ஏனென்றால் என் நெஞ்சில் ஒரு ஆள் குடியிருந்தார். அவர் உங்கள் பெரியத்தா வஹாப். உங்கள் பெரியம்மாவின் கணவர், எனக்குச் சகலை.

அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் கோபமே. திண்டிவனத்தில் மாமனார் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மளிகைக் கடை. நல்ல குரல். தாடி கருகருவென்று அடர்ந்திருக்கும். என் தாடியோ மழை பொய்த்த வருஷத்துக் கேப்பை நாற்று. பராஅத் அன்று அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு மாமனார் வீட்டில் எல்லோரும் கூடி, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதுவார்கள். நடுப்பாயில் உட்கார்ந்து முன்னால் ஓதுகிறவரை மாமனார்தான் கைகாட்டுவார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை சகலை பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு வருஷம் என் பக்கம் திரும்பாதா என்று ஏங்கினேன்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம். நான் விழுப்புரத்தில் காலால் மிதிக்கிற ஒரே ஒரு மெஷினை வைத்துத் தையற்கடை நடத்திக்கொண்டிருந்தேன். மாமனாரிடமிருந்து கார்டு வந்தது: 'பெரிய மாப்பிள்ளை இந்த ஷஃபானில் திங்களும் வியாழனும் நோன்பு வைக்கப்போகிறார். நீங்கள் சுகமா?'

அவர் வாரத்துக்கு இரண்டா? நான் பிறை பார்த்த மறுநாளிலிருந்து தினமும் வைத்தேன்.

உங்கள் அம்மா கேட்டாள்: "என்னாங்க, இந்த நோன்பு அல்லாவுக்கா, எங்க மச்சானுக்கா?"

"நீ சும்மா இரு. இபாதத்துல பேசக்கூடாது" என்றேன், பெரிய வணக்கசாலி மாதிரி.

பராஅத் வந்தது. அன்றைக்கு எனக்குப் பதினான்காவது நோன்பு. இருவரும் ரயிலேறினோம். முண்டியம்பாக்கத்தில் ஒருவர் வேகவைத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, "இந்தாங்க பாய், சாப்புடுங்க" என்று நீட்டினார். 'வேண்டாம்' என்றால் போதும். நானோ, "பதினாலு நாளா நோன்புங்க" என்று பெட்டி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். உங்கள் அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மாலையில் அஸர் தொழுதுவிட்டு மாமனார் வீட்டில் கூடினோம். மாப் கேட்கிற முறை எளியது. இரண்டு கையையும் பிடித்து, "பேசினதுல பழகினதுல தப்பு இருந்தா மாப் பண்ணுங்க" என்பார்கள். "பண்ணிட்டேன், நீங்களும் பண்ணுங்க" என்று பதில் வரும். அவ்வளவுதான்.

சகலை முதலில் எழுந்தார். மாமனார் கையைப் பிடித்ததும் அவருக்குக் குரல் தழுதழுத்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியாரும் துடைத்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் இத்தனை கண்ணீர் வாங்குகிறாரே, என்னிடம் நிஜமான சரக்கே இருக்கிறதே!

நேராக மாமியிடம் போனேன். "மாமி, உங்க நோன்புக் கஞ்சியில பருக்கையைத் தேட விளக்கு வேணும்னு விழுப்புரம் பூரா சொல்லிச் சிரிச்சிருக்கேன். மாப் பண்ணுங்க."

மாமியின் கண்ணீர் டக்கென்று நின்றது.

நிறுத்தியிருக்கலாம். பசி மூளையைச் சாப்பிட்டிருந்தது. மாமனாரிடம் திரும்பினேன். "மாமா, உங்க ஜிப்பாத் துணியில மிச்சம் புடிச்சு எனக்கு ஒரு தொப்பி தெச்சுக்கினேன். மாப் பண்ணுங்க."

"எந்தத் தொப்பி மாப்ளே?"

அது என் தலையில்தான் இருந்தது. அவர் எழுந்துவந்து அதை எடுத்து, தன் ஜிப்பாவோடு வைத்துப் பார்த்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது சகலை. "அண்ணே, போன பெருநாளைக்கு உங்க ஜிப்பாவுல வலது கையை ஒரு விரக்கடை குறைச்சு வெட்டினேன். தெரிஞ்சேதான். தொழுகையில எல்லாரும் உங்களையே பாப்பாங்களேன்னு..."

அவர் அந்த ஜிப்பாவைத்தான் போட்டிருந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். ஒன்று மணிக்கட்டு வரை. மற்றது அதற்கு மேலேயே நின்றுவிட்டது.

"அட தம்பி!" என்றார். "மூட்டை தூக்கித் தூக்கி என் வலது கை நீண்டுபோச்சுன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்? சமமா வரட்டும்னு ஒரு வருஷமா எடது கையாலயே தூக்கறேன். தோள்பட்டை தனியா கழண்டு வருது."

பெரியம்மா சொன்னார்: "தூங்கும்போதுகூட எடது கைய நீட்டி வெச்சிக்கினுதான் படுப்பாரு."

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ளே, ஒன்ன கேக்கச் சொன்னது மாப்பு. நீ குடுக்கறது வாக்குமூலம்."

வீடு சிரிப்பில் அதிர்ந்தது. உங்கள் அம்மா சிரிக்கவில்லை. "அவங்களுக்குத் தெரியாததைச் சொல்லி மனச நோவடிக்கிறதுக்குப் பேரு மாப்பா? அவங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேட்டுட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதானே?" என்று என் காதருகே பல்லைக் கடித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு அது தோன்றவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் நோன்பு துறந்தோம். மாமி எனக்கு மட்டும் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கஞ்சியாகப் பார்த்து வைத்து, "பருக்கை தெரியுதா மாப்ளே? விளக்கு எடுத்தாரட்டா?" என்றார்.

தொழுதுவிட்டு வந்ததும் நடுப்பாய் விரித்தார்கள். மாமனார் வழக்கம்போல சகலை பக்கம் கையைத் தூக்கினார். சகலை சொன்னார்: "மாமா, இன்னைக்குத் தம்பி ஓதட்டும். பதினாலு நோன்பு வெச்சிருக்காரு."

எத்தனை வருஷ ஆசை! ஆனால் இப்போது நடுப்பாயில் போய் உட்கார வெட்கமாக இருந்தது. தொழும்போது கைக்குட்டையால் சமாளித்த தலையைத் தடவிக்கொண்டு, "தொப்பி இல்லீங்களே" என்றேன்.

சகலை தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைத் தன் தலையில் கட்டிக்கொண்டார். அவருக்குத் தலையும் பெரிது. தொப்பி புருவத்தைத் தாண்டி மூக்குவரை இறங்கியது. மனப்பாடம்தானே என்று ஆரம்பித்தேன். பத்து வசனம் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் தடுக்கினேன். இரண்டு தடவையும் இருட்டுக்கு வெளியிலிருந்து விட்டுப்போன சொல்லை மெதுவாக எடுத்துக்கொடுத்தது சகலையின் குரல். வேறு ஒருவர் காதிலும் விழாத அளவுக்கு மெதுவாக. எங்கே தடுக்குவார் என்று எத்தனை வருஷம் அவர் ஓதுவதை நான் காத்திருந்து கேட்டிருக்கிறேன்! அதை நினைத்ததும் தொப்பிக்குள் என் கண் நனைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் யாசீனை நானே அவரிடம் ஒப்படைத்தேன்.

அன்றிலிருந்து நம் குடும்பத்தில் நான் தைத்த சட்டையை யாரும் உடனே போட்டுக்கொள்வதில்லை. கையை நுழைத்ததும் இரண்டையும் முன்னால் நீட்டி, ஓரம் சேர்த்துப் பார்த்து, "மாப் பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டுத்தான் பித்தான் போடுவார்கள். பெருநாள் காலையில் நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்? கல்யாண மாப்பிள்ளைகூடச் செய்கிறான்.

உங்கள் பெரியத்தா ஒருவர் மட்டும் பார்க்க மாட்டார். நான் கொடுத்ததை அப்படியே போட்டுக்கொண்டு தொழப் போய்விடுவார். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.