பொகோட்டா கொண்டான் கதிரை இழந்த படலம்

வாழி தர்மராசன். மேம்பாலத்தின் மீது மெத்ரோ ரயில் இடியென முரசறைய, பாலத்தின் அடியில் புறாக்குலம் வெண்பூச் சொரிய, பாரிஸ் மாநகரின் லா சப்பல் என்னும் கோணத்தில், ரூ பெர்தொனே என்னும் திருவீதியில், ஞாயிறுதோறும் குடையின்றி நனைந்து எழுந்தருளும் கோமான் வாழி. ஸ்பானிய உணவகம் ஒன்றின் பின்கட்டில் ஆறு நாளும் ஆயிரங்கோப்பை கழுவி அயராத கையினன், ஏழாம் நாள் ஒரே கோப்பைத் தேநீரை நான்கு மணிநேரம் குடித்தும் அயராத வாயினன், முன்வழுக்கையே மணிமுடியாகப் பெற்றவன், கமலராணியின் கணவன். அவன் புகழ் பாடப் புகுந்த எனக்கு நாமகளின் துணை வேண்டுமென்று கேட்பதே முறை. கேட்கவில்லை. இந்தக் கதைக்கு அவளை அலைக்கழிப்பது பாவம்.

அவன் வீற்றிருந்த அரியணையின் சிறப்பையும் கேளுங்கள். ஞானசுந்தரத்தின் தேநீர்க் கடையில் பதினொரு கதிரைகள் உண்டு. பத்து ஆடும். பதினோராவது, ஹீட்டருக்குப் பக்கத்தில், சுவருக்கு முதுகு கொடுத்து, நான்கு கால்களும் நிலத்தில் பட நிற்கும். அதில் அமரும் உரிமைக்கு அந்தக் கடையில் எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. இந்த நாட்டுக்கு வந்துசேர எவன் அதிகம் பட்டானோ அவனுக்கே அந்தக் கதிரை. பனிக்காட்டில் நடந்தவன், லொறிக்குள் ஒளிந்தவன், காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டுப் போனவன் எல்லாரும் உயர்குலம். விமானத்தில் நேரே வந்திறங்கியவன் தாழ்குலம். அவர்களுள்ளும் மனைவி ஸ்பொன்சர் செய்து வந்தவன் கதவடியில் காற்று வாங்கியபடி நின்றுதான் குடிக்க வேண்டும். பட்ட பாட்டைக்கூடத் தராசில் போட்டுப் பார்க்கும் இந்த மகாசபையை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்தக் கதிரை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்பதையும் மறைக்கவில்லை.

இனி நம் வீரனின் மறைபொருள். தர்மராசன் இந்நாட்டுக்கு எழுந்தருளியது கமலராணியின் ஸ்பொன்சரில். யன்னலோர இருக்கையில், இரண்டு தரம் சாப்பாடு வாங்கி உண்டு, காலில் கம்பளி போர்த்து உறங்கி, கன்னத்தில் தலையணை வடுவோடு வந்து இறங்கினான். இதை அந்தச் சபையில் எந்த வாயால் சொல்வது? மொஸ்கோ வழியாக வந்தேன் என்று சொல்லலாமென்றால் மொஸ்கோ வழியாக வந்த பத்துப் பேர் அங்கேயே இருந்தார்கள். ஆபிரிக்காவுக்கும் ஐந்து சாட்சிகள். ஆகவே எவரும் வராத வழியொன்றைத் தேடி உலகப் படத்தில் விரலை ஓட்டி, கொலம்பியா நாட்டின் தலைநகரில் ஊன்றினான். சோழன் கப்பலேறிப் போய்க் கடாரம் கொண்டான். நம்மவன் சென் தெனியில் உள்ள தன் வீட்டுச் சோபாவில் படுத்தபடியே பொகோட்டா கொண்டான். ஏஜென்சிக்காரன் தன்னைப் பதினொரு மாதம் அங்கே போட்டு வைத்தான் என்றான். கதிரை கிடைத்தது. கமலராணிக்கு ஞாயிறுகளில் வேலை, கடைப்பக்கம் வரமாட்டாள் என்பதால் மூன்று ஆண்டுகள் அரசாட்சி குறைவின்றி நடந்தது.

கொண்ட நாட்டை அவன் கைவிடவுமில்லை. வேலைக்குப் போய்வரும் பயணத்தில் எல்லாம் கைபேசியில் அந்நகரத்துச் செய்தி படித்து, ஞாயிறன்று சபையில் சொரிவான். கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்து அறுநூறு மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர், புதிதாகப் போனவனுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும் என்பான். ஞாயிறுகளில் பெருந்தெருக்களைக் காருக்கு மூடி, சைக்கிளுக்கும் நடைக்கும் விடுகிறார்கள் என்பான். எண்பது லட்சம் சனம் வாழ்ந்தும் இன்னும் ஒரு மெத்ரோ ஓடவில்லை, இப்போதுதான் தூண் நட்டுக் கட்டுகிறார்கள் என்று உச்சுக் கொட்டுவான். அணைகள் வற்றிய ஆண்டில் பகுதி பகுதியாக முறை வைத்துக் குழாயை மூடினார்கள் என்று கண்கலங்குவான். எல்லாம் உண்மை. அவன் அங்கே இருந்தான் என்பது ஒன்றுதான் பொய்.

அப்படியிருக்க, கார்த்திகை மாதத்து அடைமழை ஞாயிறொன்றில் போர் மூண்டது. ஒபர்வில்லியே மொத்தக் கடையில் பெட்டி சுமக்கும் புயவலியன், இடக்கால் சுண்டுவிரலை எல்லைப் பனிக்குப் பலியிட்டவன், அந்த விரலில்லாக் காலைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சப்பாத்துக் கழற்றிக் காட்டும் வள்ளல், தவசீலன், கதவைத் தள்ளிக்கொண்டு புகுந்தான். காலியாயிருந்தது அந்த ஒரு கதிரைதான். அவன் அதன் முதுகைப் பற்றிய அதே கணத்தில், கைகழுவப் போயிருந்த தர்மராசன் பாய்ந்து வந்து அதன் கையைப் பற்றினான். இருபெருங் களிறுகள் ஒரு கரும்புக்கு இழுபட்டாற்போல் இழுபட்டனர். தேநீர்க் கடல் கொந்தளித்தது. வடையொன்று தட்டிலிருந்து உருண்டு, போரை வெறுத்து மேசைக்கடியில் துறவு பூண்டது.

“நான் விரலைக் குடுத்தனான். நீர் என்னத்தைக் குடுத்தனீர்?” என்று முழங்கினான் தவசீலன்.

“பதினொரு மாசம். மூச்சு விடேலாத மலையிலை பதினொரு மாசம் கிடந்தனான்.”

அறங்கூறும் அவையத்துத் தலைவனாகிய ஞானசுந்தரம், ஈரத்துணியால் மேசையைத் துடைத்தபடி தீர்ப்பு முறையை அறிவித்தார். “இழுத்துக் கதிரையை உடைக்காதேங்கோ. தர்மராசா அண்ணை, அங்கை பட்ட பாட்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. கேட்டுப்போட்டு முடிவெடுப்பம்.”

இங்கேதான் நம் வீரனின் கல்வியே அவனுக்குக் கூற்றானது. அந்நகரத்துத் தெருமுனைகளில் விடியும்முன்பே வண்டிக்காரர்கள் தெர்மோஸ் குடுவையில் ‘தின்தோ’ விற்பார்கள் என்று படித்திருந்தான். தின்தோ என்றால் என்னவென்று எவரிடமும் கேட்க வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. ஆறு நாளும் அவன் கையால் எடுத்துக் குப்பையில் போடும் ஸ்பானியப் போத்தல்களில், சிவப்பு வைன் ஒவ்வொன்றிலும், அந்தச் சொல்தானே அச்சிட்டிருக்கிறது.

“விடிய ஐஞ்சு மணிக்கே ஊர் முழுக்கத் தின்தோ குடிக்கும். சிவப்பு வைன். பொலிஸ்காரனும் குடிப்பான், வாத்தியாரும் குடிப்பார், கன்னியாஸ்திரியும் குடிப்பா. தெர்மோஸிலை சுடச்சுட ஊத்துவாங்கள். குளிர் எலும்பைக் கடிக்கும். நான் கந்தசட்டி விரதகாரன். பதினொரு மாசமும் ஒரு சொட்டுத் தொடேல்லை.”

சபை உருகியது. தவசீலனின் பிடி தளர்ந்தது. விரல் போனவனும் வைராக்கியத்தின் முன்னே தலைகுனிய, தர்மராசன் கதிரையேறி, ஹீட்டர்ப் பக்கம் முழங்காலை நீட்டி, வெற்றித் தேநீர் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தான்.

அந்நேரம் வடை சுடும் குசினியின் திரை விலகியது.

வந்தவள் அற்புதராணி. கிளிநொச்சிப் பக்கம். கடைக்கு வேலைக்கு வந்து நாலு கிழமைதான். அவள் எந்த வழியாக வந்தாள் என்று அந்த மகாசபையில் ஒருவரும் கேட்டதில்லை. குசினிக்குள் நிற்கிறவளின் பாடு அவர்கள் தராசில் ஏறாது. கனடா என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் தண்ணீர் முறை வைத்த அந்த ஆண்டில் அவளைப் பொகோட்டாவில் எட்டு மாதம் விட்டுப்போயிருந்தான். குசினி விசிறியின் இரைச்சலில் இத்தனை நாளும் அவள் காதில் எதுவும் விழுந்ததில்லை. அன்று விசிறி நின்றிருந்தது. மாப் படிந்த கையோடு ஓடிவந்தவளின் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை.

“அண்ணை, நீங்களும் அங்கையோ இருந்தனீங்கள்? ஆனா தின்தோ எண்டா வைன் இல்லை. பால் விடாத கோப்பி. வேறை ஆரும் சொல்லி மாறி விளங்கிட்டியள் போலை. நான் இருந்த வீட்டம்மா, தண்ணி வராத நாளிலையும் சேத்து வைச்சதிலை எனக்கெண்டு ஒரு கப் போட்டுத் தருவா.” ஆசையோடு கேட்டாள். “நீங்கள் அங்கை எந்தப் பக்கம்?”

அவன் தப்பியிருக்கலாம். மறந்துபோச்சு என்றால் போதும். ஆனால் இருபது வருடமாகப் பாரிசில் வீடு எங்கே என்று கேட்டவர்க்கெல்லாம் எந்த விடையைச் சொல்லிப் பழகினானோ, அதே விடையை அவன் நாக்கு அவனைக் கேளாமலே சொல்லிற்று.

“மெத்ரோவுக்குக் கிட்ட.”

மெத்ரோ இல்லாத ஊர் அது என்று மூன்று வருடம் எங்களுக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். முதலில் சிரித்தவன் தவசீலன். பிறகு கடையே சிரித்தது. அற்புதராணி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஊரைப்பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்ததென்று நினைத்து வந்தவள் அவள்.

கொற்றவன் எழுந்தான். சிரிப்பு அடங்கியதும் சட்டம் விழித்துக்கொண்டது. ஞானசுந்தரம் கதிரையைத் துணியால் துடைத்து, “தங்கச்சி, நீங்கள் இதிலை இருங்கோ” என்றார். “எட்டு மாசம் எண்டா, ஒரு விரலுக்கு...” என்று தவசீலன் கணக்குப் பார்க்கத் தொடங்கினான்.

அவள் அவர்களையும் கதிரையையும் மாறிமாறிப் பார்த்தாள். “பின் கதவாலை மழைத்தண்ணி வந்து வெங்காயம் நனைஞ்சு போச்சு” என்று சொல்லி உள்ளே போனாள். இருபது கிலோ மூட்டையை இழுத்து வந்து, தூக்கி, அந்தக் கதிரையில் வைத்து, ஹீட்டர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டு, வடை சுடப் போனாள்.

தர்மராசா கதவடியில் நின்று பால் விடாத பிளேன்ரீ குடித்தார்.