வேலைக்குப் பதிலாக ஒரு பக்கெட்

நடக்கும் ஒன்றை நாலு பேர் முன்னால் செய்து காட்டுவது சுலபம். நடக்காத ஒன்றைச் செய்து காட்டப்போய் மானம் போனவள் நான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். எம்.எஸ்சி. முடிக்கும் தறுவாயில், எங்கள் பேட்டையான கல்மண்டபத்து ஜூஸ் கடையில் கரும்புச் சக்கையைக் கெஞ்சி வாங்கி, கல்லூரி லேபில் காய்ச்சி, லிக்னின் என்ற பழுப்புப் பொடியை எடுத்துக்கொண்டிருந்தேன். செடியை நிமிர்ந்து நிற்கவைக்கும் இயற்கைப் பாலிமர் அது. பிளாஸ்டிக்கில் கலந்தால் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் நொறுங்கவிடாது. தேய்க்கும்போது மின்சாரம் சேரவும் விடாது, அதனால் தூசி ஒட்டாது. கடித்துத் துப்புகிற கரும்புக்குள் இவ்வளவு சங்கதியா என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. (வீட்டில் காதல் என்று சந்தேகப்பட்டார்கள்.)

திருவொற்றியூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குப் பாகங்கள் அடுக்கும் தட்டு செய்துகொடுக்கும் பிளாஸ்டிக் முதலாளி ஒருவர், "செஞ்சு காட்டும்மா. சரியா வந்துச்சின்னா இங்கியே வேலை போட்டுத் தரேன்" என்றார். அப்பா துறைமுகத்திலிருந்து ரிடையராகும் சமயம். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

கடல் காற்று தாராளமாக வந்துபோகும் ஷெட். ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். லிக்னின் கலந்து வார்த்த தட்டைத் துணியால் பரபரவென்று தேய்த்து, தூசிக்குப் பதிலாகப் பரப்பிய காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தேன்.

"இன்னாம்மா, ஒண்ணுமே ஆவலியே?" என்றார் முதலாளி.

"அதுதான் சார் வெற்றி!"

கை தட்டினார்கள். அடுத்து சாதாத் தட்டு. இதில் துணுக்குகள் பாய்ந்து வந்து ஒட்ட வேண்டும். தேய்த்தேன். ஒட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். என் வியர்வைதான் ஒட்டியது.

"அப்போ இத்தும் வெற்றிதானா?"

கல்லூரி ஏசி அறையில் ஜோராக ஒட்டியதே! அப்போதுதான் உறைத்தது. ஈரக் காற்றில் எந்தத் தட்டிலும் மின்சாரம் தங்காது.

"சார், உங்க ஏசி ரூம்ல ஒரு தடவை..."

"என் தட்டு ஷெட்லதானே கீது? ஒட்டாத தூசிக்கு எதுக்கும்மா மருந்து?"

நல்ல மனிதர், மிச்சப் பொடியை வீணாக்காமல் பிளாஸ்டிக்கில் கலந்து ஒரு பக்கெட்டாக வார்த்துக் கொடுத்தனுப்பினார்.

பக்கெட்டை மடியில் வைத்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கல்மண்டபத்தில் இறங்கும்போது அவர் கேள்விக்குப் பதில் கிடைத்தது: அவர் தட்டுகள் போய்ச் சேருவதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளின் ஏசி அறைகளுக்குத்தானே! எதிர் பஸ் பிடித்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். வீங்கிய கண்ணோடு மறுபடி அந்த ஷெட்டில் நிற்க வெட்கமாக இருந்தது. வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அதற்குப் பிறகு வாங்கிய கலர் பக்கெட்டுகள் எல்லாம் மொட்டைமாடி வெயிலில் விரிசல் விட்டு மண்டையைப் போட்டன. இது மட்டும் அசையவில்லை. லிக்னினின் அந்தக் குணத்தை அன்றைக்குக் காட்டியிருக்கவும் முடியாது. முதலாளியை வருஷக்கணக்கில் மொட்டைமாடியில் உட்காரவைத்திருக்க வேண்டும்.

சாணி நிறத்தில் இதென்ன என்று விருந்தாளிகள் கேட்டால், அம்மா இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்:

"எம் பொண்ணு மொதோ மொதோ வேலை கேட்டுப் போனா இல்ல, அங்க குட்தாங்க."

"பரவாயில்லையே, வேலையோட பக்கெட்டுமா?"

"இல்லம்மா. வேலைக்குப் பதிலா."